பலகை யார் பக்கம்?

வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு ஒரு காலத்தில் வங்கக்கடலின் அலை உயரம் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை நிலையம். எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே ஒரு மையம். அதை நடத்தியவர்கள் பெண்கள். வீராம்பட்டினத்துக் கணினித் திரையில் அலை உயரம் காட்டும் வரைபடம் வந்து நின்றதென்னவோ உண்மைதான். ஆனால் இருட்டோடு கடலுக்குக் கிளம்புகிற ஆள் ஓர் அறைக்குள் நுழைந்து திரையைப் பார்த்துவிட்டா போவார்? அதனால் படத்தில் இருந்ததைக் கரையோர ஒலிபெருக்கியில் வாயால் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை நல்லவாடு கிராமம் முழுக்கக் கேட்கச் செய்ததும் இந்தத் திட்டத்தில் வைத்த ஒலிபெருக்கிதான்.

காட்சித் தளங்களைப் பற்றிய கட்டுரையை ஒலிபெருக்கியில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பலர் கூடி யோசிக்கவும் திட்டமிடவும் பயன்படும் சுவர், தரை, மேசை, திரை எல்லாவற்றையும் இங்கே கூட்டுப்பலகை என்று சொல்லிக்கொள்கிறேன். அதை எப்படி அமைப்பது என்ற கேள்விக்கு இன்று நம் காதில் விழும் பதில்கள் பெரும்பாலும் மென்பொருள் கம்பெனிகளுடையவை: எல்லையில்லாத திரை, ஆயத்த டெம்ப்ளேட்டுகள், நூறு பேர் ஒரே நேரத்தில் எழுதும் வசதி. எல்லாம் நல்லவைதான். ஆனால் ஒரு கூட்டுப்பலகை வேலைக்கு ஆகுமா ஆகாதா என்பதை இவை தீர்மானிப்பதில்லை என்பது என் கட்சி. கூட்டம் நடக்கும்போது எழுதுகோல் யார் கையில் இருக்கிறது, கூட்டம் கலைந்தபின் படம் யாரிடம் போகிறது ஆகிய இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. இதைச் சோதித்துப் பார்க்கப் புதுச்சேரியை விடப் பொருத்தமான ஊர் குறைவு. 1693-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் காகிதத்தில் போட்ட கட்டத்தின்மேல்தான் இன்றைய நேர்வீதிகள் நிற்கின்றன. போட்டவர்கள் சில ஆண்டுகளில் கிளம்பிவிட்டார்கள். கட்டம் மட்டும் தங்கிவிட்டது.

முதலில் வெளியுலக வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா, களப்பணிக் குறிப்புகளைத் துண்டுத் தாள்களில் எழுதிப் பரப்பி, ஒன்றோடொன்று உறவுள்ளவற்றைச் சேர்த்துச் சேர்த்துக் குவியலாக்கும் முறையை 1960களில் உருவாக்கினார். அவர் பெயரின் முதலெழுத்துகளால் கே.ஜே. முறை எனப்படுகிறது. ஜெர்மனியில் ஏறக்குறைய அதே காலத்தில் மெட்டாபிளான் முறை வந்தது: குண்டூசி குத்தும் பலகை, நிற அட்டைகள், தடித்த பேனா, ஓர் அட்டைக்கு ஒரு கருத்து. பின்புறம் பசையுள்ள மஞ்சள் ஒட்டுத்தாளை 3எம் கம்பெனி அமெரிக்கா முழுவதும் விற்கத் தொடங்கியது 1980-இல்தான். ஒட்டுத்தாள் இல்லாமல் பயிலரங்கே இல்லை என்று நினைக்கும் இன்றைய தலைமுறைக்கு, ஒட்டுத்தாளுக்கு முன்பே முறை இருந்தது என்பது சற்று வியப்பாக இருக்கும்.

திரையில் கூடி எழுதும் கதையில் நான் முக்கியமாகக் கருதுவது 1980களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் நடந்த கோலாப் சோதனை. ஓர் அறை, ஆளுக்கொரு கணினி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய திரை. 'நீ பார்ப்பதையே நானும் பார்க்கிறேன்' என்பது அதன் அடிப்படை விதி. மார்க் ஸ்டெஃபிக்கும் கூட்டாளிகளும் அந்த விதியைக் கறாராக வைத்துப் பார்த்துவிட்டு, 1987-இல் அதைத் தளர்த்த வேண்டும் என்று எழுதினார்கள். எல்லோருடைய சுட்டிகளும் ஒரே திரையில் ஓடினால் கண் அலைகிறது. ஒருவர் சாளரத்தை நகர்த்தினால் இன்னொருவர் எழுதிக்கொண்டிருந்தது பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. பொதுவான இடமும் வேண்டும், தனியாக ஒதுங்கி எழுதிப் பார்க்கும் மூலையும் வேண்டும். இந்தப் பாடத்தை இன்றைய கம்பெனிகள் பாதிதான் கற்றிருக்கின்றன. நாற்பது பேர் பெயர்ப் பட்டையோடு திரையில் ஓடும்போது கருத்து தோன்றாது, தலைசுற்றல்தான் வரும்.

தனிமூலை ஏன் வேண்டும் என்பதற்குச் சமூக உளவியலில் உறுதியான சான்று உண்டு. ஜெர்மானிய ஆய்வாளர்கள் டீலும் ஸ்ட்ரோபேயும் 1987-இல் வெளியிட்ட சோதனைகளில், கூடிப் பேசிக் கருத்து சொன்ன குழுக்களை விட, தனித்தனியே எழுதியவர்களின் கருத்துகளைக் கூட்டிச் சேர்த்தபோது எண்ணிக்கை அதிகம் வந்தது. முக்கியக் காரணம், ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும் என்பது. காத்திருக்கும் நேரத்தில் சொல்ல வந்தது மறந்துபோகிறது, அல்லது சொல்லத் தகுதியில்லாததாகத் தோன்றிவிடுகிறது.

நம் ஊர்க் கூட்டங்களில் இன்னொரு காரணம் சேர்ந்துகொள்கிறது. முதலில் பேசுபவர் அதிகாரி, தலைவர், அல்லது வயதில் மூத்தவர். அவர் முடித்ததும் அடுத்தவர் 'சார் சொன்ன மாதிரி' என்று தொடங்குகிறார். மூன்றாமவர் 'ஏற்கெனவே சொல்லிட்டாங்க' என்று மைக்கை நகர்த்துகிறார். கூட்டம் அங்கேயே முடிந்துவிட்டது; மிச்சம் காபியும் பிஸ்கட்டும். பெயர் போடாத அட்டையில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதி, எழுதியவற்றைக் கலந்து ஒட்டுகிற எளிய ஏற்பாடு இந்த வரிசையை உடைக்கிறது. சில மென்பொருள்களில் மற்றவர் எழுதுவது குறித்த நேரம்வரை நமக்குத் தெரியாதபடி மறைக்கும் வசதி இருக்கிறது. பயிலரங்கு நடத்துகிறவர்கள் அதைத் தொடுவதேயில்லை. என்னைக் கேட்டால் அந்த மென்பொருளில் உள்ள மிகப் பெரிய வசதி அதுதான்.

எழுதத் தெரிந்தவர்களுக்கு இது சரி. எழுதத் தெரியாதவர்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு என்ன வழி? தமிழகம் உட்பட இந்தியா உலகுக்குக் கற்றுக்கொடுத்தது இந்த இடத்தில்தான். அதிகம் பேசப்படாததும் இதுதான்.

1989 முதல் 1991 வரை ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஹைதராபாத்தில் தங்கி வேலை செய்தார். பெங்களூரின் மைராடா, குஜராத்தின் ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டம் போன்ற அமைப்புகள் அப்போது கிராமத்து மக்களையே வரைபடம் போடச் சொல்லிச் சோதித்துக்கொண்டிருந்தன. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்பீச் அமைப்பு திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் இதைச் செய்தது. பி.ஆர்.ஏ. என்று தொண்டு நிறுவன வட்டாரத்தில் சொல்லப்படும் பங்கேற்பு ஊரக மதிப்பீடு இப்படித்தான் உருப்பெற்று, பிறகு ஆப்பிரிக்காவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் போனது. கோலை அவர்கள் கையில் கொடுத்துவிடு என்பது சேம்பர்ஸ் திரும்பத் திரும்ப வலியுறுத்திய விதி. மண்ணில் கோடு கிழிக்கும் கோலைத்தான் சொன்னார்.

இந்தத் தரைப்படம் போடும் விதத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் அதன் நுட்பம் தெரியும். ஊர் மந்தையிலோ கோயில் வாசலிலோ பெருக்கித் தண்ணீர் தெளித்த இடம். கோலப்பொடி, செங்கல் தூள், அடுப்புக்கரி, புளியங்கொட்டை, வேப்பிலை, கூழாங்கல் எல்லாம் பக்கத்தில் குவித்திருக்கும். வந்த ஊழியர் வேண்டுமென்றே ஓரமாகப் போய் உட்கார வேண்டும். முதல் கோட்டை அவர் போட்டுவிட்டால் அது அவர் படமாகிவிடும். கொஞ்ச நேரம் யாரும் அசையமாட்டார்கள். பிறகு யாராவது ஒருவர் கோயிலைப் போடுவார், அங்கிருந்து ரோடு கிளம்பும். கண்மாய் போடும்போது சண்டை தொடங்கும்: 'மடை அந்தப் பக்கம்யா, நீ எங்க போடுற?' பொடியைக் காலால் கலைத்துவிட்டு மறுபடி போடுவார்கள். வீட்டுக்கு ஒரு கல், விதவை வீட்டுக்கு அதன்மேல் ஒரு புளியங்கொட்டை. ஆண்கள் நிலத்தையும் வாய்க்காலையும் முதலில் போடுவார்கள். பெண்கள் தனியாகப் போட்டால் குழாயடியும் விறகு பொறுக்கும் இடமும் ரேஷன் கடையும் முன்னால் வரும். ஒரே ஊருக்கு இரண்டு படம், இரண்டும் சரி.

அமைப்பு என்ற நோக்கில் பார்த்தால் இதில் நான்கைந்து சங்கதிகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தரை எல்லோருக்கும் எட்டுகிறது. சுவர்ப்பலகைக்கு முன் ஒருவர்தான் நிற்க முடியும், தரைப்படத்தைச் சுற்றி முப்பது பேர் உட்காரலாம். கோலப்பொடி பெண்களின் கைக்குப் பழகியது, ஸ்கெட்ச் பேனா பழகாதது. அழிப்பதற்குச் செலவில்லை, அழித்ததற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதுமில்லை. எல்லோரும் படத்தைப் பார்த்துப் பேசுவதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே மறுக்க முடிகிறது. சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர் மேலே உள்ளவரை 'நீங்க சொல்றது தப்பு' என்று நேராகச் சொல்வது ஆபத்து. 'இந்தக் கல்லு இங்கதான வரணும்' என்று நகர்த்தி வைப்பது அவ்வளவு ஆபத்தில்லை. ஊர்த் தெருவில் போட்ட படத்தின் அருகே வரவே காலனிக்காரர்களுக்கு வழியில்லை என்றால் இந்த அழகெல்லாம் பொய். அதனால்தான் அனுபவசாலிகள் படம் எப்படிப் போடுவது என்பதற்கு முன்னால் எந்த இடத்தில் போடுவது என்று யோசிப்பார்கள்.

பிறகுதான் சார்ட் பேப்பர் வருகிறது. மாலையில் தரைப்படத்தைத் தாளுக்கு மாற்ற வேண்டும். ஸ்கெட்ச் பேனாவோடு ஓர் இளம் ஊழியர் உட்கார்ந்து நகல் எடுப்பார். கோணலாக இருந்த தெரு நேராகிவிடும், இரண்டு படம் ஒன்றாகிவிடும், சண்டை நடந்த மடை காணாமல் போய்விடும். தாள் சுருட்டப்பட்டு அலுவலகத்துக்குப் போகும். ஊரில் மிஞ்சுவது மிதிபட்ட கோலப்பொடி. தமிழக அரசின் வாழ்ந்து காட்டுவோம் திட்டம் 2005-இல் தொடங்கியபோது, ஏழைக் குடும்பங்கள் யார் என்பதைக் கிராமமே தீர்மானிக்கும் 'மக்கள் நிலை ஆய்வு' அதில் இடம்பெற்றது. சமூக வரைபடம் போடுவதும் பட்டியலை ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள வைப்பதும் அதன் பகுதிகள். முறை நல்லது. ஆனால் பட்டியல் நலத்திட்டத்தோடு இணையும்போது, படம் போட உட்காருகிறவர் ஊரைப் பார்த்துப் போடுவதில்லை, பலனைப் பார்த்துப் போடுகிறார். கூட்டுப்பலகையில் கிடைக்கும் முடிவில் எவ்வளவு பணம் தொங்குகிறதோ, அந்த அளவுக்குப் பலகை கோணும். இதற்கு எந்த டெம்ப்ளேட்டிலும் மருந்து இல்லை.

கேரளம் இதைச் சற்று வேறு விதமாகச் செய்தது. சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் புவி அறிவியல் ஆய்வு மையமும் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் பஞ்சாயத்து வள வரைபடங்களை உள்ளூர்த் தொண்டர்களைக் கொண்டே தயாரித்தன. இதில் பேர்பெற்ற கல்லியாசேரி கண்ணூர் மாவட்டத்தில், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹேயிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அங்கே படம் பஞ்சாயத்தின் சொத்தாக நின்றது. 1996-இல் மக்கள் திட்டமிடல் இயக்கம் வந்தபோது அந்த அனுபவம் கைகொடுத்தது. படத்தை வாங்கிக்கொள்ள அதிகாரமுள்ள ஓர் உள்ளூர் அமைப்பு இருந்ததுதான் வித்தியாசம்.

இனி புதுச்சேரிக்குள் வருவோம். கடற்கரையை ஒட்டி செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கியது. ஹென்றி கோசன் வகுத்த முறையில் இந்தியத் தாவரப் பரப்பின் வரைபடங்களைப் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் இந்த நிறுவனம் போட்டது. கன்னியாகுமரி ஏடு 1961-இல் வந்தது. இவை வல்லுநர் வரைபடங்கள். காட்டுவாசியிடமோ விவசாயியிடமோ கோலைக் கொடுக்கவில்லை. அது குறையா என்றால், இல்லை என்பேன். மழையளவும் மண்ணும் தாவர வகையும் நாடு முழுக்க ஒரே அளவுகோலில் ஒப்பிடும்படி வேண்டுமென்றால் கோடு ஒரு பயிற்சி பெற்ற கையிலிருந்துதான் வரவேண்டும். எல்லாவற்றையும் ஒட்டுத்தாள் வாக்கெடுப்புக்கு விடுவது இப்போதைய பைத்தியம். ஆனால் அதே நிறுவனத்து ஆய்வாளர்கள் பின்னாளில் குடகு மலையில் வேறொரு வேலையும் செய்து பார்த்தார்கள். காபித் தோட்டக்காரர், வனத்துறை, வியாபாரி எனப் பல தரப்பும் ஒரு விளையாட்டுப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, மரம் வெட்டுவதா வைப்பதா என்று முறைவைத்து ஆடுகிற உடன்மாதிரி முறை அது. பிரான்சின் சிராட் நிறுவனத்தில் 1990களில் உருவானது. ஆட்டத்தில் வனத்துறை அதிகாரி தோட்டக்காரராகவும் ஆடலாம். தன் நிலத்து மரத்தை வெட்ட அனுமதிக்காகக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்பது அப்போது உறைக்கும்.

தமிழர் பகுதியில் வைசியாள் வீதி என்று ஊர் அழைக்கும் கால்வே சுப்பராயச் செட்டியார் வீதி இன்னொரு வகை. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் புதுச்சேரி, இத்தாலியின் உர்பீனோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ ஆகிய மூன்று ஊர்களும் கைகோத்தன, பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் வழிகாட்டியது. தெருவின் ஒரு பகுதியில் வீட்டு முகப்புகளும் தூண்களும் தாழ்வாரமும் திண்ணையும் பழைய வடிவுக்கு மீட்கப்பட்டன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. இதைக் கூட்டுப்பலகைக் கட்டுரையில் சேர்க்கக் காரணம், அந்தத் தெருவே முழு அளவு மாதிரியாக நின்றதுதான். பாரம்பரிய விதிமுறை என்று பத்துப் பக்கம் அச்சடித்துக் கொடுத்தால் வீட்டுக்காரர் படிக்கமாட்டார். எதிர்வீட்டுத் தாழ்வாரம் எழுந்து நிற்பதைப் பார்த்தால், தன் வீட்டில் அதற்கு எவ்வளவு இடம் போகும், கார் எங்கே நிற்கும், மழைநீர் எங்கே இறங்கும் என்று உடனே பேசத் தொடங்குவார். காகிதத்தில் வராத ஆட்சேபணைகள் ஒன்றுக்கு ஒன்று அளவில்தான் வருகின்றன. செலவு அதிகம் என்பது உண்மை. ஒரு தெருவுக்கு முடிந்தது ஊருக்கு முடியவில்லை. பழைய வீடுகள் இடிவது நிற்கவுமில்லை.

படம் எப்படி இறுகிப்போகும் என்பதற்கு ஆரோவில். பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தாலும் புதுச்சேரியோடு சேர்த்தே பேசப்படும் அந்த நகர் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கியது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜே ஆஞ்சே செய்த விண்மீன் மண்டல வடிவ மாதிரி ஐம்பதாயிரம் பேருக்கானது. மேலிருந்து பார்த்தால் யாரையும் மயக்கும் சுழல். அரை நூற்றாண்டில் கீழே காடு வளர்ந்துவிட்டது, சில ஆயிரம் பேர்தான் வந்தார்கள். சுற்றுவட்டச் சாலையான கிரவுன் பாதைக்காக 2021 டிசம்பரில் ஜே.சி.பி. வந்தபோது குடியிருப்பாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு தரப்புக்கு அந்த மாதிரி நிறைவேற்ற வேண்டிய திட்டம். மறுதரப்புக்கு நிலத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டிய கருத்து. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் போய், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் உத்தரவை ரத்து செய்தது. எந்தப் பக்கம் நியாயம் என்பது இங்கே என் வேலையில்லை. ஒரு கூட்டுப்பலகையில் உள்ள படம் வரைவா முடிவா என்று படத்திலேயே தெரிய வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. பென்சில் கோடு, விடுபட்ட இடம், கிழித்து ஒட்டிய துண்டு எல்லாம் 'இதில் கை வைக்கலாம்' என்று சொல்கின்றன. பளபளக்கும் முப்பரிமாணப் படம் 'பார்த்துவிட்டுப் போ' என்கிறது. ஆலோசனைக் கூட்டத்துக்கு முப்பரிமாணப் படத்தோடு வருகிற ஆலோசகரிடம் எனக்கு நம்பிக்கை வராததற்கு இதுதான் காரணம்.

மென்பொருள் பலகைகள் கொரோனாக் காலத்தில்தான் நம் அலுவலகங்களுக்குள் வந்தன. ரஷ்யாவின் பெர்ம் நகரில் 2011-இல் பிறந்து பின்னர் பெயர் மாறிய மிரோ, அர்ஜென்டினாவில் தொடங்கிய மியூரல், 2021-இல் வந்த ஃபிக்ஜாம் என்று வரிசை. தமிழ்நாட்டிலிருந்து சோஹோ 2025-இல் 'வாணி'யைக் கொண்டுவந்தது. கூகுளின் ஜாம்போர்டு 2024 இறுதியோடு மூடப்பட்டது. அதில் வேலை செய்தவர்களுக்கு மிஞ்சியவை பி.டி.எஃப். கோப்புகள், அவற்றைப் பார்க்கலாம், ஒரு துண்டைக்கூட நகர்த்த முடியாது. சுருட்டி அலுவலகத்துக்குப் போன சார்ட் பேப்பரின் கதைதான் இதுவும்.

தமிழில் இவற்றைப் பயன்படுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும் இன்னொரு தொல்லை: ஒட்டுத்தாளின் அளவு. சதுரப் பெட்டி ஆங்கிலத்தின் குட்டிச் சொற்களுக்காக அளந்தது. 'குப்பைத்தொட்டியில்லாததால்' என்று ஒருவர் தட்டினால் பல மென்பொருள்களில் எழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கும், அல்லது சொல் நடுவில் உடைந்து துணைக்கால் அடுத்த வரிக்குப் போய் நிற்கும். அகலவாட்டுப் பெட்டியை முன்கூட்டியே வைத்துவிடுவது, எழுத்தின் அளவைப் பூட்டிவிடுவது, ஒரு பெட்டிக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம் என்பது போன்ற சில்லறை ஏற்பாடுகள் பெரிய வித்தியாசம் செய்யும். அடுத்தது கைப்பேசி. பயிலரங்கு நடத்துகிறவர் மடிக்கணினியில் இருக்கிறார், கலந்துகொள்கிறவர்களில் பாதிப்பேர் உள்ளங்கைத் திரையில் எல்லையில்லாப் பலகையின் ஏதோ ஒரு மூலையில் தொலைந்திருக்கிறார்கள். எல்லையில்லாமை விற்பனைக்கு நன்றாக இருக்கிறது. வேலைக்கு எல்லை வேண்டும். எண்ணிட்ட நாலைந்து சட்டங்கள், ஒரு நேரத்தில் ஒன்று, அதற்கு மேல் போனால் கூட்டம் சிதறும். தட்டச்சு தடுக்கும் இடத்தில் வாட்ஸ்அப் குரல்பதிவை வாங்கி இன்னொருவர் எழுதி ஒட்டலாம். ஒட்டியதை அனுப்பியவருக்கே படித்துக் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சார்ட் பேப்பர் ஊழியர் செய்ததையே நாமும் செய்கிறோம்.

புதுச்சேரியில் நகரத் திட்டமிடலுக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வரைவுத் திட்டத்தை வெளியிட்டு, குறித்த நாளுக்குள் ஆட்சேபணைகளை எழுத்தில் கேட்பார்கள். 2017 ஜூனில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் ஊர் இடம்பெற்றபோதும் மக்கள் கருத்து கேட்கப்பட்டது. எழுத்து மனு கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது போதும். வாணரப்பேட்டையிலோ குருசுக்குப்பத்திலோ இருப்பவருக்கு, தன் தெரு மட்டும் தெரிகிற பெரிய அச்சு ஒன்று தெருமுனையில் விரித்துக் கிடந்து, அதன்மேல் சாக்பீஸால் கோடு போட முடிந்தால்தான் அது வரைபடம். இதைச் செய்யச் செலவு அதிகமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2006-இல் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் அடுத்த தேர்தல் நடக்கவில்லை. 2021-இல் அறிவித்ததும் நின்றுபோனது. வார்டு உறுப்பினரே இல்லாத ஊரில், தெருமுனையில் மக்கள் கோடு போட்ட அந்தத் தாளை வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது.